உத்தரவு போட்டவர் ஒருவர் ஏற்கெனவே உண்டு

ஆங்கிலத்தில் உச்சரிக்கப்படாத ஊமை எழுத்துகள் எல்லாம் வீண், எழுத்துக்கூட்டலை உச்சரிப்புப்படி திருத்த ஓர் அரசாணை போதும் என்கிறார் நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர். போட்டுப் பார்த்துவிட்டார்கள் ஐயா! 1906-இல் அமெரிக்க அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட், 300 சொற்களை எளிய வடிவில் அச்சிடும்படி அரசு அச்சகத்துக்கு உத்தரவிட்டார். பத்திரிகைகள் கேலி செய்து தீர்த்தன, நாடாளுமன்றமும் எதிர்த்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அவரே பின்வாங்கினார்.

அமெரிக்க அகராதி ஆசிரியர் நோவா வெப்ஸ்டர் கதையும் பாதி அப்படித்தான். 'கலர்' என்பதில் யு-வை எடுத்தார், அமெரிக்கா ஏற்றுக்கொண்டது. நாக்கைக் குறிக்கும் 'டங்' என்பதை டி, யு, என், ஜி என்று நாலே எழுத்தில் எழுதச் சொன்னார், யாரும் சீண்டவில்லை.

என் மகள் 'ஐலண்ட்' எழுதும்போதெல்லாம் அந்த எஸ்ஸை விட்டுவிட்டுத் திட்டு வாங்குவாள். பாவம், தப்பு அவள்மேல் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அங்கே எஸ்ஸே கிடையாது. பிரெஞ்சு வழி வந்த 'ஐல்' என்ற சொல்லோடு குழப்பிக்கொண்டு பின்னால் யாரோ செருகியது. இதையெல்லாம் தாராளமாகத் தூக்கலாம்.

ஆனால் எல்லா ஊமை எழுத்தும் வீண் என்பதை நான் ஒப்பமாட்டேன். 'சைன்' என்பதில் ஜி வாயே திறக்காது, 'சிக்னேச்சர்' என்றதும் பேச ஆரம்பித்துவிடும். அதை எடுத்துவிட்டால் உறவு தெரியாது. அப்புறம், உச்சரிப்புப்படி எழுதுவது என்றால் யாருடைய உச்சரிப்பு? 'கார்' என்பதன் ஆர் லண்டன்காரர் வாயில் கேட்காது, ஸ்காட்லாந்துக்காரர் அழுத்திச் சொல்வார்.