ஆறு கிலோமீட்டர் கட்டத்துக்குள் ஏற்காடு

2025 மே மாதம் பாரத் முன்னறிவிப்பு அமைப்பு என்ற வானிலைக் கணிப்பு முறை பயன்பாட்டுக்கு வந்ததும், இனி ஒவ்வொரு ஊராட்சிக்கும் தனித்தனியாக மழை சொல்லிவிடுவார்கள் என்று பேச்சு கிளம்பியது. புனேயில் உருவாக்கிய மாடல் அது, அதாவது வானிலையைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி நிரல். 12 கி.மீ. கட்டங்களாகப் பார்த்துக்கொண்டிருந்த பூமியை இப்போது 6 கி.மீ. கட்டங்களாகப் பார்க்கிறார்கள். பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஐரோப்பிய வானிலை மையத்தின் உலக மாடலே 9 கி.மீ.தான். ஆனால் அந்த 'ஊராட்சி' பேச்சை, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்காரர்கள் அப்படியே நம்ப வேண்டாம் என்பேன்.

சேலம் நகரம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டரில். நடுவே நேர்க்கோட்டில் 15 கி.மீ. அளவுதான். ஒரு கட்டத்துக்குள் வரும் நிலம் முழுவதற்கும் மாடல் ஒரே உயரத்தைத்தான் வைத்துக்கொள்ளும். 12 கி.மீ. கட்டத்தில் உச்சியும் சரிவும் அடிவாரமும் சராசரியாகி மலையே மேடாகிவிடும். காற்று மேலே ஏறினால்தானே மழை; மேட்டில் மோதுகிற காற்று எவ்வளவு உயரம் ஏறிவிடும்? 6 கி.மீ.க்கு வந்தால் மலை கொஞ்சம் நிமிர்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையேறி உள்ளே வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது, ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. அந்த மாதிரிப் பெரிய மழைக்கு நிமிர்ந்த மலை நிச்சயம் உதவும்.

கோடை இடிமழை வேறு கதை. காபி பூக்க மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை வேண்டும். அதைக் கொண்டுவரும் மேகம் சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். நாகலூர்ப் பக்கம் கொட்டும், ஏரிக்கரை காய்ந்து கிடக்கும். 6 கி.மீ. கட்டத்தில் அந்த மேகம் தானாக உருவாகாது; மாடல் ஒரு கணக்குப் போட்டு ஊகிக்கத்தான் செய்யும். மேகத்தை மாடலே எழுப்ப வேண்டுமென்றால் கட்டம் 3 கி.மீ. அளவுக்கு இறங்க வேண்டும். கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும், கணக்கிடும் நேர இடைவெளியையும் பாதியாக்க வேண்டும். ஆக, வேலை எட்டு மடங்கு! அர்கா, அருணிகா என்று சூப்பர் கம்ப்யூட்டர்கள் வாங்கியது சும்மா இல்லை.

சரி, கணினி இருக்கிறது. இந்த நிமிடம் மலைமேல் காற்று எப்படி இருக்கிறது என்று அதற்கு யார் சொல்வது? காரைக்கால் ரேடாரின் கதிர் இங்கே வந்து சேரும்போது கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4 கி.மீ. மேலே போய்விடும், அதற்குக் கீழே நடப்பது ரேடாருக்குத் தெரியாது. ஏற்காட்டுக்கு ஒரு ரேடார் என்பது என்னைப் பொறுத்தவரை அடுத்த சூப்பர் கம்ப்யூட்டரைவிட அவசரமான செலவு.

அதுவரை 'ஏற்காட்டில் மாலை மழை' என்று அடித்துச் சொல்லாமல், 'சேர்வராயன் வட்டாரத்தில் எங்காவது இடிமழைக்குப் பத்தில் நான்கு வாய்ப்பு' என்று சொல்லட்டும். களத்தில் மிளகு காயப்போட்டவர் தார்ப்பாய் விரிப்பதா வேண்டாமா என்று அவரே முடிவு செய்துகொள்வார்.