பேட்டரி போகவில்லை தம்பி, எர்த் போயிருக்கிறது!

செல்ஃப் எடுக்கவில்லை என்று பைக்கை மெக்கானிக் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனால் போதும், சீட்டைக் கழற்றும் முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது: "பேட்டரி போச்சுண்ணே, மாத்திருவோம்." வயிறு எரிகிறது. மீட்டர் வைத்துப் பார்த்தாயா தம்பி? இல்லை. பேட்டரி நெகட்டிவை வண்டி பாடியோடு சேர்க்கிற எர்த் வயரைத் தொட்டாவது பார்த்தாயா? அதுவும் இல்லை. ஹாரனை அமுக்கினான், சத்தம் கம்மி. அவ்வளவுதான் சோதனை!

போன மாதம் இப்படித்தான் என் தலையில் புது பேட்டரியைக் கட்டினார்கள். சில நாளிலேயே மறுபடி பழைய கதை. அப்புறம் பேட்டரிக்குப் போகிற சார்ஜை அளவாக வைக்கிற ரெகுலேட்டரையும், "ரெகுலேட்டர் போச்சு" என்று மாற்றினார்கள். காசு என்ன மரத்திலா காய்க்கிறது? கடைசியில் வீட்டு வாசலில் உட்கார்ந்து, பேட்டரி நெகட்டிவிலிருந்து போகிற வயரை நானே தடம் பிடித்தேன். அது சேசிஸில் சேரும் போல்ட்டைக் கழற்றினால், துருவும் பச்சைக் களிம்புமாகப் பொருக்குத் தட்டிக் கிடக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி முறுக்கி, மேலே வாசலின் தடவினேன். ஒரே அமுக்கில் செல்ஃப் எடுத்தது.

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பட்டறை வைத்திருப்பவருக்கு உப்புக்காற்று என்ன செய்யும் என்று நான் சொல்லவேண்டுமா? ஜன்னல் கம்பியே பொரிந்து உதிர்கிற ஊர் இது. வயர்களை இணைக்கிற கப்ளருக்குள் இருக்கிற பின் மட்டும் தப்பிக்குமா? மீன் பெட்டி கட்டுகிற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம், ஐஸ் உருகி உப்புத்தண்ணீர் நேராக டெயில் லைட் வயரில்தான் சொட்டுகிறது.

மீட்டர் சில நூறு ரூபாய்தான். வண்டி அணைந்திருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் பக்கம் காட்டுகிறதா? சார்ஜ் இருக்கிறது. செல்ஃபை அமுக்கும்போது 10க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகப்படு, சரி. ரேஸ் கொடுத்தும் 13.5, 14 வராவிட்டால்தான் ரெகுலேட்டர், சார்ஜிங் காயில் பேச்சு. செல்ஃபை அமுக்கிக்கொண்டே பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பாடிக்கும் நடுவே வைத்துப் பார். அரை வோல்ட் காட்டினாலே எர்த்தில் கோளாறு. இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாதே!

இன்னொரு கொடுமை, ஃபியூஸ் போனால் அந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவது. ஷார்ட் ஆனால் எரியப்போவது பெட்ரோல் டேங்குக்கு அடியில் ஓடுகிற வயரிங். வண்டியில் பிள்ளையை வைத்துக்கொண்டு போகிறவன் கதி என்ன?

என் பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்ச் என்று சொல்லி எடுத்துக்கொண்டார்கள். நல்ல பேட்டரி அது. போய்த் திருப்பிக் கேட்டால், "அது அன்னைக்கே வித்துப் போச்சுண்ணே" என்கிறான்.