செவன்ஸ் ரக்பியின் டி20 கிடையாது

2025 ஜூனில் ரக்பி பிரீமியர் லீக்கின் முதல் கோப்பையை நம்ம சென்னை புல்ஸ் தூக்கியது. ஃபைனலில் டெல்லி ரெட்ஸை 41-0 என்று ஊதித் தள்ளினார்கள். இதைச் சொன்னால் பாதிப் பேர் "அப்படி ஒரு டீம் இருக்கா?" என்கிறார்கள். மீதிப் பேர், "ஏழு பேர் ஆடுவாங்களே, டி20 மாதிரி, அதானே?"

இந்த இரண்டாவது கோஷ்டியிடம்தான் எனக்குச் சண்டை.

டி20யில் ஓவர்தான் குறைகிறது, பதினோரு பேரும் அப்படியே இருக்கிறார்கள். ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ரக்பியில் ஆளே பாதிக்கு மேல் குறைந்துபோகிறது, மைதானம் மட்டும் அதே அளவு. வழக்கமான ரக்பியில் 15 பேர் காத்த 70 மீட்டர் அகலத்தை 7 பேர் காக்கணும். பந்தோடு ஓடுகிறவனை மடக்கிச் சாய்க்கும் டேக்கிளை ஒருத்தன் கோட்டைவிட்டால் பின்னால் ஆளே இல்லை. பதினைந்து பேர் ஆட்டத்தில் ஸ்க்ரமில் (பந்துக்காக இரண்டு அணியும் தோள் கோத்து மோதுவது) முட்டித் தள்ள 120 கிலோ ஆள் சொத்து. அவரையே செவன்ஸில் இறக்கினால் ஏழு நிமிஷப் பாதி முடிவதற்குள் நாக்கு தள்ளிவிடும். இரண்டையும் ஆடுகிறவன் உடம்பையே மாற்றிக்கொள்ள வேண்டும்.

அதனால்தான் ஆன்ட்வான் டுபோனைப் பற்றி ஓயாமல் பேசுகிறேன். துலூஸ் கிளப்பின் ஸ்க்ரம் ஹாஃப் (ஸ்க்ரமிலிருந்து பந்தை எடுத்துக் கொடுப்பவர்), பதினைந்து பேர் ஆட்டத்தில் பிரான்ஸ் கேப்டன், 2021இல் உலகின் சிறந்த வீரர். 2023 உலகக் கோப்பையில், அதுவும் சொந்த மண்ணில், நமீபியாவுடன் ஆடும்போது கன்ன எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து காலிறுதிக்குத் திரும்பி வந்தவர், தென்னாப்பிரிக்காவிடம் 28-29 என ஒரே புள்ளியில் தோற்றார். அடுத்த வருஷமே ஐரோப்பாவின் ஆறு நாடுகள் மோதும் சிக்ஸ் நேஷன்ஸை விட்டுவிட்டு செவன்ஸுக்குப் போனார். நம்ம ஊர் கேப்டன் யாராவது இப்படிச் செய்திருந்தால் டிவி விவாதத்தில் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்கள்!

பாரிஸ் ஒலிம்பிக் ஃபைனலில் பாதி ஆட்டம் 7-7. எதிரில் ஃபிஜி. ரியோ, டோக்கியோ இரண்டிலும் தங்கம், ஒலிம்பிக்கில் அதுவரை தோல்வியே கிடையாது. டுபோன் பெஞ்சிலிருந்து எழுந்து வருகிறார். ஓரக்கோட்டை ஒட்டிப் பிய்த்துக்கொண்டு ஓடி ஒரு ட்ரைக்கு (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றுவது) வழி செய்கிறார், பிறகு தானே இரண்டு ட்ரை. 28-7, பிரான்ஸுக்குத் தங்கம். அதே சீசனில் துலூஸுக்கு ஐரோப்பியக் கோப்பையும் பிரெஞ்சு லீக் கோப்பையும். 2025 மார்ச்சில் டப்ளினில் முழங்கால் தசைநார் கிழிந்தது. இந்தத் தொழில் இப்படித்தான்.

பதினைந்து பேர் ஆட்டம், செவன்ஸ் என அவருக்கு இரண்டு கதவு. நம்ம பசங்களுக்கு செவன்ஸ் ஒன்றுதான். ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு, இந்த லீக், எல்லாமே செவன்ஸ். லீக்கோ ஜூன் 15இல் ஆரம்பித்து 29இல் முடிந்துவிட்டது. இரண்டு வார ஆட்டத்தை நம்பி எந்த அம்மா பிள்ளையை அனுப்புவாள்? ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயோ போலீஸோ கிடைக்குமா என்றுதான் கேட்பாள், கேட்கவும் வேண்டும். ரக்பி இந்தியாவின் தலைவர் ராகுல் போஸ் (ஆமாம், கமலுக்கு வில்லனாக வந்தவரேதான், இந்திய அணிக்கு ஆடியவர்) முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

இன்னொன்று. ஜெர்ஸியில் சென்னை, அந்த முதல் சீசன் ஆட்டம் மொத்தமும் மும்பை அந்தேரியில். நேரு ஸ்டேடியத்தில் ஒரு வாரக்கடைசி ஆடிக் காட்டுங்கள். பக்கத்து உள்ளரங்கத்தில் கபடி அணி தமிழ் தலைவாஸுக்கு விசிலடித்த கூட்டத்துக்கு டேக்கிளைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஜூன் வெயில்தான் பிரச்சினை என்றால் ராத்திரி ஆட்டமாக வையுங்கள், ஃப்ளட் லைட் இருக்கிறது.