வருவதைப் படிக்க ஏஐ இருக்கட்டும், போவதை நாமே எழுதுவோம்

ஏஐ நல்லதா கெட்டதா என்ற சண்டையில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. தினமும் அதைப் பயன்படுத்துகிறேன், இனியும் பயன்படுத்துவேன். நான் சொல்ல வருவது வேறு. நமக்கு வந்து சேரும் விஷயங்களைப் புரிந்துகொள்ள ஏஐயைத் தாராளமாகக் கூப்பிடலாம். நம் பெயரில் இன்னொருவருக்குப் போகும் விஷயங்களை அதன் கையில் கொடுப்பதற்கு முன்னால் நிறைய யோசிக்க வேண்டும். இந்த இரண்டையும் பிரிக்காமல் பேசுவதால்தான் ஒரு பக்கம் கண்மூடித்தனமான பாராட்டும் இன்னொரு பக்கம் கண்மூடித்தனமான பயமும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று நினைக்கிறேன்.

ஏஐ நேற்று முளைத்ததல்ல. மெயிலில் குப்பைகளைத் தனியே ஒதுக்குவதும், மேப்பில் போய்ச்சேரும் நேரத்தைக் கணிப்பதும், இருட்டில் எடுத்த படத்தை ஃபோன் தெளிவாக்கித் தருவதும், கார்டில் வழக்கத்துக்கு மாறாகப் பணம் போனால் வங்கி எச்சரிப்பதும் அதே குடும்பத்து வேலைகள்தான். அவையெல்லாம் நமக்குத் தெரியாமல் பின்னால் நடந்தன. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு அது நம் முன்னால் வந்து உட்கார்ந்தது. கம்ப்யூட்டர் படிக்காத ஒருவரும் தன் சொந்தப் பேச்சில் கேட்கலாம், பதில் வரும் என்று ஆனது. பெரிய மாற்றம் இதுதான்.

இந்த மாற்றத்தின் பலன் யாருக்கு அதிகம்? இதுவரை கேட்கக் கூச்சப்பட்டவர்களுக்கு என்பேன்.

எங்கள் அத்தைக்கு ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. டாக்டரைப் பார்க்க இன்னும் சில நாள் இருந்தது. ரிப்போர்ட்டில் சிறுநீரகத்தில் ஒரு நீர்க்கட்டி என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவர் தூங்காமல் கிடந்தார். பெயரையும் நோயாளி எண்ணையும் மறைத்துவிட்டு, ரிப்போர்ட்டை ஏஐயிடம் கொடுத்து, "ஒவ்வொரு வரிக்கும் எளிமையாக அர்த்தம் சொல், நோய் என்னவென்று நீயாக முடிவு செய்யாதே, டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக் கொடு" என்று கேட்டோம். சாதாரண நீர்க்கட்டி என்பது வயதானவர்களுக்குப் பரவலாகக் காணப்படுவது, பெரும்பாலும் தொந்தரவு தராதது, இருந்தாலும் அளவையும் வகையையும் டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள் என்றது. அத்தை கேள்விகளைத் தன் கையால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனார். வழக்கமாக டாக்டர் முன்னால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வருகிறவர், அன்றைக்கு ஒவ்வொன்றாகக் கேட்டார். டாக்டரும் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். அந்தச் சந்திப்பில் ஏஐ எந்த முடிவையும் எடுக்கவில்லை. அத்தையை வாய் திறந்து கேட்க வைத்தது, அவ்வளவுதான். அதுவே எனக்குப் பெரிதாகப் பட்டது.

இன்சூரன்ஸ் விதிமுறைகள், வாடகை ஒப்பந்தம், வேலையில் சேரும்போது கையெழுத்துப் போடச் சொல்லும் பல பக்க ஆவணம், பிள்ளையின் பள்ளியிலிருந்து வரும் சுற்றறிக்கை என்று நம்மில் பலர் படிக்காமலே கையெழுத்துப் போட்டவை எத்தனையோ. "இதில் எனக்குப் பாதகமான வரிகள் எவை?" என்று கேட்டுப் பாருங்கள். பத்தாவது முறை கேட்டாலும் அது சலித்துக்கொள்ளாது. இது கூடத் தெரியாதா என்ற பார்வை கிடையாது. படித்தவர் துணை இல்லாத வீடுகளில் இதன் மதிப்பு என்னவென்று, படித்தவர் நிறைந்த வீடுகளில் இருப்பவர்களுக்கு எளிதில் புரியாது.

பார்வையற்றவர்களுக்கான பி மை ஐஸ் என்ற செயலி டென்மார்க்கில் பிறந்தது. 2015இல் வெளிவந்தபோது, பார்வை உள்ள தன்னார்வலர் ஒருவர் வீடியோ அழைப்பில் வந்து "இந்தப் புட்டியில் என்ன எழுதியிருக்கிறது" என்பதற்குப் பதில் சொல்வார். 2023இல் அதில் படத்தைப் பார்த்து விவரிக்கும் ஏஐயும் சேர்ந்தது. தன் சட்டையின் நிறம் என்ன, மருந்து காலாவதியாகிவிட்டதா என்று கேட்க நடுராத்திரியில் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. காது கேளாதவர்களுக்கு, எதிரில் இருப்பவர் பேசப் பேச எழுத்தாக மாற்றிக் காட்டும் வசதியும் இப்படித்தான். ஏஐ மனிதத்தன்மையைக் குறைக்கிறது என்று பொத்தாம்பொதுவாக எழுதுகிறவர்கள் இந்த மனிதர்களை ஒரு நிமிடம் நினைத்துவிட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

படிப்பதற்குப் பயன்படுத்தினாலும் எச்சரிக்கை வேண்டும். சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் மாடல்கள் அடுத்து வரக்கூடிய சொல்லை நிகழ்தகவின்படி கணித்துக் கணித்துத்தான் பதிலைக் கட்டுகின்றன. அதனால் சரியான பதிலும் தவறான பதிலும் ஒரே மிடுக்கோடு வரும். நடையை வைத்து உண்மையைக் கண்டுபிடிக்க முடியாது. நான் கடைப்பிடிக்கும் முறை எளிது. ஆவணத்தையே கொடுத்துவிட்டு, அதற்குள் இருந்து பதில் சொல்லச் சொல்வேன். "எந்த வரியில் இருக்கிறது?" என்று கேட்டு, அந்த வரிக்குப் போய் நானே படிப்பேன். எண், தேதி, பெயர் மூன்றையும் கண்ணால் சரிபார்ப்பேன். மருந்தின் அளவு, மேல்முறையீட்டுக்கான கடைசி நாள் போன்றவற்றை அதன் நினைவிலிருந்து கேட்டு நம்ப மாட்டேன். யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்வேன். தமிழில் கேட்கும்போது இன்னும் கொஞ்சம் கவனம் தேவை. இந்த மாடல்கள் ஆங்கிலத்தில் படித்த அளவுக்குத் தமிழில் படிக்கவில்லை.

அலுவலகத்துக் காகிதங்களை அப்படியே தூக்கிப் போடுவதற்கு முன் நிறுவனத்தின் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். 2023இல் சாம்சங் ஊழியர்கள் சிலர் நிறுவனத்தின் மென்பொருள் நிரல்களை சாட்ஜிபிடியில் கொடுத்தது தெரிந்ததும், நிறுவனம் ஊழியர்கள் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது.

இனி, நம்மிடமிருந்து வெளியே போகும் பக்கம். என் கவலை முழுக்க இங்கேதான்.

நியூயார்க்கில் ஏவியாங்கா விமான நிறுவனத்தின் மீது ஒரு பயணி தொடர்ந்த வழக்கில், அவருடைய வக்கீல்கள் தாக்கல் செய்த மனுவில் பழைய தீர்ப்புகள் பல மேற்கோள் காட்டப்பட்டிருந்தன. எதிர்த்தரப்பு தேடிப் பார்த்தது, அப்படிச் சில வழக்குகளே இல்லை. சாட்ஜிபிடி இட்டுக்கட்டியவை. இவை உண்மையானவையா என்று வக்கீல் அதனிடமே கேட்டிருக்கிறார், அதுவும் ஆமாம் என்றிருக்கிறது. 2023 ஜூனில் நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். ஏஐயைப் பயன்படுத்தியதையே அவர் குற்றமாகச் சொல்லவில்லை. நீதிமன்றத்துக்கு வரும் காகிதத்தின் உண்மைக்குக் காவலாக இருக்க வேண்டிய கடமை வக்கீலுடையது, அதைக் கைவிட்டதுதான் குற்றம் என்றார்.

கனடாவில் இன்னொன்று. பாட்டி இறந்த துக்கத்தில் பயணம் செய்ய வேண்டியிருந்த ஒருவர், ஏர் கனடா இணையதளத்தின் சாட்பாட்டிடம் துக்கப் பயணச் சலுகை பற்றிக் கேட்டார். டிக்கெட் எடுத்துவிட்டுப் பிறகு விண்ணப்பிக்கலாம் என்று அது தவறாகச் சொன்னது. நிறுவனம் பணம் தர மறுத்தது. தீர்ப்பாயத்தில் அந்த நிறுவனம் எடுத்து வைத்த வாதங்களில் ஒன்று, சாட்பாட்டின் செயலுக்குச் சாட்பாட்டே பொறுப்பு என்பது போன்றது. 2024 பிப்ரவரியில் அதைத் தீர்ப்பாயம் ஏற்க மறுத்து, இழப்பீடு தரச் சொன்னது. உங்கள் தளத்தில் இருப்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு என்றது. இந்தத் தீர்ப்பில் தொகை சிறியது. ஆனால், துக்கத்தில் இருந்த ஒரு மனிதரிடம் "சொன்னது நாங்கள் இல்லை, எங்கள் மெஷின்" என்று ஒரு நிறுவனம் சொல்லத் துணிந்ததே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த இரண்டிலும் தகவல் பிழை. தகவல் பிழையே இல்லாமலும் இது தவறாகப் போகும். 2023 பிப்ரவரியில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து மாணவர்கள் இறந்தார்கள். அதையொட்டி, வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீபாடி கல்லூரியின் அலுவலகம் ஒன்று தன் மாணவர்களுக்கு ஆறுதல் கடிதம் அனுப்பியது. கடிதத்தின் அடியில் சாட்ஜிபிடி உதவியோடு எழுதப்பட்டது என்ற குறிப்பு இருந்தது. மாணவர்கள் கொதித்தார்கள், அலுவலகம் மன்னிப்புக் கேட்டது. கடிதத்தின் மொழி சரியாகத்தான் இருந்திருக்கும். மாணவர்களுக்கு வேண்டியிருந்தது, யாரோ ஒருவர் தங்களுக்காகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசித்தார் என்ற நிச்சயம். இரங்கல், மன்னிப்பு, நன்றி, ஊழியரின் ஒரு வருட உழைப்பை மதிப்பிடும் அறிக்கை, மாணவருக்கான பரிந்துரைக் கடிதம் இவற்றில் எல்லாம் பாதி அர்த்தம் அந்த நேரத்தில்தான் இருக்கிறது. இவற்றை ஏஐ எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டு வரியாக இருந்தாலும், தடுமாறி இருந்தாலும், நீங்களே எழுதுங்கள்.

அலுவலகங்களில் இன்னொன்று பரவிக்கொண்டிருக்கிறது. ஒருவர் மூன்று குறிப்புகளைக் கொடுத்து இரண்டு பக்க மெயிலாக ஏஐயிடம் விரிக்கச் சொல்கிறார். வாங்குகிறவர் அந்த இரண்டு பக்கத்தை மூன்று குறிப்பாகச் சுருக்கச் சொல்கிறார். மூன்று குறிப்பையே அனுப்பியிருக்கலாமே! சொல்ல இருப்பதைவிட அதிகமாகச் சொன்னதாகக் காட்டிக்கொள்வது வேலை ஆகாது.

ஒரு முக்கியமான விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். சொல்ல விஷயம் இருந்தும் எழுத்து வசப்படாதவர்கள் இருக்கிறார்கள். தன் மொழி அல்லாத மொழியில் புகார் மனு எழுத வேண்டியவர், சம்பளப் பாக்கியைக் கேட்டு எழுத வேண்டியவர், வேலைக்கு விண்ணப்பிக்கிறவர். இவர்கள் தாராளமாக ஏஐயைக் கொண்டு எழுதட்டும். நடந்தது அவர்களுடையது, கோரிக்கை அவர்களுடையது, நடை மட்டும் கடன். 5,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் சேவை ஊழியர்களை வைத்து நடந்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. ஏஐ உதவியால் மொத்தத்தில் வேலைத்திறன் சுமார் 14% கூடியது, புதியவர்களுக்கும் திறன் குறைந்தவர்களுக்கும் 34% கூடியது, அனுபவசாலிகளுக்குப் பெரிய மாற்றம் இல்லை. ஏணியின் கீழ்ப்படியில் இருப்பவரைத் தூக்கிவிடும் சக்தி இதற்கு இருக்கிறது, அதை மறுப்பது அநியாயம்.

ஆனால் அந்தப் புதியவர் பிறகு அனுபவசாலி ஆவாரா என்பதுதான் என்னை உறுத்துகிறது. போலந்தில் பெருங்குடல் எண்டோஸ்கோபி செய்யும் மருத்துவர்களைப் பற்றிய ஆய்வு 2025இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வந்தது. கட்டிகளைத் திரையில் சுட்டிக்காட்டும் ஏஐ பழக்கத்துக்கு வந்த பிறகு, ஏஐ இல்லாமல் செய்த பரிசோதனைகளில் கட்டிகள் கண்டறியப்படும் விகிதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4 சதவீதமாகக் குறைந்திருந்தது. இது ஒரே ஒரு ஆய்வு, அங்கே வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனாலும் அவர்கள் பயிற்சியாளர்கள் அல்ல, கைதேர்ந்த மருத்துவர்கள். அவர்களுக்கே இப்படியென்றால், ஏஐ இல்லாமல் ஒரு நாளும் வேலை செய்தே இராதவருக்கு இழக்கத் திறன் என்று ஒன்று உருவாகவே உருவாகாது.

நமக்கு உதவி கிடைக்கிறதா என்பதில் நம் சொந்த உணர்வையும் முழுசாக நம்ப முடியாது. மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு 2025இல் அனுபவமுள்ள 16 புரோகிராமர்களை வைத்துச் சோதித்தது. ஏஐ கருவிகளை அனுமதித்தபோது வேலை முடிய 19% அதிக நேரம் பிடித்தது. அவர்களோ, வேலை முடிந்த பிறகும், சுமார் 20% நேரம் மிச்சமானதாக நினைத்தார்கள். சிறிய ஆய்வு, கருவிகளும் வேகமாக மாறுகின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது உணர்வுக்கும் கடிகாரத்துக்கும் இருந்த அந்த இடைவெளி.

அதனால் என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளிடம் முறையைத் தலைகீழாக்கச் சொல்கிறேன். முதல் வரைவு நீ எழுது, எவ்வளவு மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு அதை ஏஐயிடம் கொடுத்து, "எங்கே வாதம் இடறுகிறது? படிக்கிறவருக்கு எந்த இடம் புரியாது?" என்று கேள். திருத்தி எழுதாதே, கேள்வி மட்டும் கேள் என்று அதனிடம் சொல். அதன் கேள்விகளுக்குப் பதில் தேடி நீயே திருத்து. இதில் ஏஐ வாசகராக இருக்கிறது, எழுதுகிறவர் நீயாகவே இருக்கிறாய். நேரம் கூடுதலாகும்தான். கற்றுக்கொள்ளும் வயதில் அந்த நேரத்தை மிச்சம் பிடிக்கவே கூடாது. வீட்டுப்பாடம் செய்யும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன்.

நம் பெயரில் மெஷின் பேசுவது எளிதாகிவிட்டதால் அடுத்தவர் நம் பெயரில் பேசுவதும் எளிதாகிவிட்டது. 2024இல் வெளியான ஹாங்காங் சம்பவத்தில், வீடியோ கூட்டத்தில் மேலதிகாரிகளாகத் தோன்றிய போலி உருவங்களை நம்பி ஆரப் நிறுவன ஊழியர் ஒருவர் சுமார் 200 மில்லியன் ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். அவசரம் என்று பணம் கேட்டு யார் பேசினாலும், குரல் எவ்வளவு பழக்கமானதாக இருந்தாலும், இணைப்பைத் துண்டித்துவிட்டு உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு நீங்களே திருப்பி அழையுங்கள். வீட்டில் வயதானவர்களிடம் இதை இன்றைக்கே சொல்லிவையுங்கள்.

தனிமனிதரிடம் கேட்பதைவிடக் கடுமையாக நிறுவனங்களிடம் கேட்க வேண்டும். கடன் மறுப்பு, வேலை விண்ணப்ப நிராகரிப்பு, இன்சூரன்ஸ் கிளெய்ம் தள்ளுபடி என்று மனிதரின் வாழ்க்கையைத் தொடும் முடிவுகள் மெஷின் வழியாக வரத் தொடங்கிவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018இல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், முழுக்கத் தானியங்கியாக எடுக்கப்படும் இத்தகைய முடிவுகளுக்கு எதிராக மனிதத் தலையீட்டைக் கோரும் உரிமையைத் தருகிறது. 2024இல் வந்த அவர்களுடைய ஏஐ சட்டம், பேசுவது மெஷின் என்றால் அதைச் சொல்லியாக வேண்டும் என்கிறது. இந்த இரண்டும் எல்லா நாட்டிலும் வர வேண்டும். சட்டம் வரும்வரை நாம் கேட்கக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்த முறை அப்படியொரு மறுப்புக் கடிதம் வந்தால், காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள், இந்த முடிவுக்குப் பதில் சொல்லும் அதிகாரியின் பெயரையும் கேளுங்கள், பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள்.