குனிங்கஸ்

ஃபின்னிஷ் மொழியில் ராஜாவுக்கு 'குனிங்கஸ்' என்று பெயர். இதைச் சொன்னதுமே நண்பர் ஒருவர், "அட, நம்ம கோன்தானே! கிங், கோன், குனிங்கஸ், எல்லாம் ஒண்ணுதான்" என்று முடித்துவிட்டார். காதுக்கு ஒத்துப்போனால் உறவு என்கிற இந்த வழக்கம் எனக்கு ஆகாது. ஜாதகம் பார்க்காமல் கல்யாணம் பேசக்கூடத் தயார், ஒலி விதி பார்க்காமல் சொல்லுக்குச் சம்பந்தம் பேச மாட்டேன்.

ஃபின்னிஷ், ஹங்கேரியன் இருக்கும் யூராலிக் குடும்பத்து மொழி. ராஜாவை அது பழைய ஜெர்மானியரிடம் கடன் வாங்கியது. கொடுத்த வீட்டில் சொல் தேய்ந்துகொண்டே போனது: டச்சில் கோனிங், ஸ்வீடிஷில் குங், ஆங்கிலத்தில் கிங். வாங்கிய ஃபின்னிஷோ வால் வரைக்கும் பத்திரமாக வைத்திருக்கிறது. அந்த 'அஸ்' பழைய ஜெர்மானிய எழுவாய் விகுதி. மோதிரம், வளையம் என்ற பொருளில் வரும் 'ரெங்கஸ்' கூட அப்படித்தான், ஆங்கிலத்து ரிங்.

அந்த வால் கற்பனை இல்லை. டென்மார்க்கில் காலெஹுஸ் என்ற இடத்தில் 1734-ல் ஒரு தங்கக் கொம்பு கிடைத்தது. ஏறக்குறைய கி.பி. 400-ஐச் சேர்ந்தது. அதில் ரூன் என்ற பழைய ஜெர்மானிய எழுத்தில், 'ஹோல்டியஸ்' ஆகிய நான் இந்தக் கொம்பைச் செய்தேன் என்று இருந்தது. அதே 'அஸ்'! 1802-ல் கொம்பைத் திருடி உருக்கிவிட்டான் ஒரு பாவி. நல்லவேளை, முன்பே வரைந்து வைத்த படங்கள் தப்பின. ஃபின்னிஷில் இப்படிப்பட்ட ஜெர்மானியக் கடன் சொற்களை 1869-லேயே முறையாக ஆராய்ந்து எழுதியவர் வில்ஹெல்ம் தாம்சன் என்ற டேனிஷ்காரர்.

சரி, வாலை விட்டுத் தலைக்கு வருவோம். முன்பாதி 'குன்ய', அதாவது குலம். 'இங்' என்றால் அதைச் சேர்ந்தவன். ஆக ராஜா என்பவன் குலத்தான், பெரிய வீட்டுப் பிள்ளை. அந்தக் 'குன்ய'வின் வேர், பிறப்பைக் குறிக்கும் இந்தோ-ஐரோப்பிய வேர். சமஸ்கிருதத்தில் அதிலிருந்து வந்ததுதான் 'ஜன'. அங்கிருந்து நம்மிடம் வந்தவை ஜனனம், ஜனங்கள், சனம். அப்புறம் பாருங்கள், ராஜாவுக்கும் சனத்துக்கும் ஒரே வேர்!

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு பத்திரமாகச் சொல்லை வைத்திருந்த ஃபின்லாந்து 1918-ல் தனக்கென்று ஒரு ராஜாவையும் தேர்ந்தெடுத்தது. ஜெர்மன் இளவரசர்தான். அந்த வருடம் ஜெர்மனி போரில் தோற்றது. மனுஷர் ஃபின்லாந்துக்கு வராமலேயே டிசம்பரில் பதவி வேண்டாம் என்று விலகிவிட்டார்.

நண்பரிடம் இத்தனையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, அப்ப கோன்?" என்றார்.