மயிர்க்கால் தெரிகிறது, வழி தெரியவில்லை

ஒரு கேமின் காட்சியை ஐந்து நொடிகூடப் பார்க்காமல் "கிராபிக்ஸ் மோசம், சின்னப் பிள்ளைகள் கேம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகிறவர்களிடம் பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது. நேற்றும் அதுதான் நடந்தது. பல ஆண்டுகளாக என்னோடு சேர்ந்து விளையாடும் நண்பன் ஒருவனிடம் 'ஹேடீஸ்' கேமின் சண்டைக் காட்சி ஒன்றைக் காட்டினேன். கெட்டியான கறுப்பு நிழல்களும், கொதிக்கும் சிவப்பும் பச்சையும், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் கையால் தீட்டிய முகமுமாக எனக்கு அது கண்கொள்ளாக் காட்சி. அவனோ, "என்னடா இது, கார்ட்டூனா? இதுக்கா நான் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன்?" என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டான்.

அந்தக் கேள்வி என்னை இரவு முழுக்க உறுத்தியது. 'கிராபிக்ஸ் நன்றாக இருக்கிறது' என்ற சொற்றொடருக்கு 'நிஜம்போல் இருக்கிறது' என்ற ஒரே பொருள்தான் உண்டு என்று எப்போது முடிவானது? எவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிட்டுக் காட்டுகிறது என்பது கருவியின் திறமை. எதைக் காட்ட வேண்டும், எதை விட்டுவிட வேண்டும், எந்த நிறத்தை எங்கே அடக்க வேண்டும் என்பது கலைஞரின் முடிவு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, முதலாவதை மட்டும் அளந்து மதிப்பெண் போடுகிறார்கள்.

தத்ரூபம் என்று கொண்டாடப்படும் பெரிய கேம் ஒன்றைச் சென்ற வாரம்தான் நானும் தொடங்கினேன். நாயகனின் முகம் நெருக்கத்தில் வந்தபோது கன்னத்தில் ஒவ்வொரு மயிர்க்காலும் தெரிந்தது. நெற்றிப் பொட்டிலிருந்து இறங்கிய வியர்வைத் துளி தாடி மயிரில் தங்கி நின்றதைக்கூடப் பார்த்தேன். மெச்சத்தக்க உழைப்புதான், மறுக்கவில்லை. அடுத்த காட்சியில் இடிந்துபோன கிடங்கு ஒன்றுக்குள் போனேன். பலகைகள், பெட்டிகள், குழாய்கள், உடைந்த ஏணிகள் என்று நூற்றுக்கணக்கான பொருள்கள். ஒவ்வொன்றிலும் தனித்தனித் துரு, தனித்தனிக் கீறல். எதில் ஏற முடியும், எது வெறும் அலங்காரம் என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை. இருபது நிமிடம் சுவர் சுவராக முட்டிக்கொண்டு திரிந்த பிறகு, ஒரு மூலையில் மஞ்சள் பெயின்ட் தெறித்த விளிம்பு ஒன்று கண்ணில் பட்டது. வழி அதுதான்.

இந்த மஞ்சள் பெயின்டைப் பற்றி எத்தனை சண்டை நடந்துவிட்டது! 2023இல் 'ரெசிடென்ட் ஈவில் 4' ரீமேக் வந்தபோதும், 2024இல் 'ஃபைனல் ஃபேன்டசி 7 ரீபர்த்' டெமோ வந்தபோதும், விளையாடுபவர்களை முட்டாளாக்குகிறார்கள் என்று கொதித்தார்கள். என் கோபம் பெயின்டின் மேல் இல்லை. எல்லாப் பொருளையும் ஒரே அளவு நுணுக்கத்தோடு நிரப்பிவிட்டால் கண் எங்கே நிற்கும்? அதற்குப் பிறகு போட்ட கட்டுதான் அந்த மஞ்சள். 2008இல் வந்த 'மிரர்ஸ் எட்ஜ்' நகரம் முழுவதையும் வெள்ளையாக வைத்துக்கொண்டு, ஏற வேண்டிய குழாயையும் தாவ வேண்டிய பலகையையும் சிவப்பாக்கியது. அந்தச் சிவப்பு யாருக்கும் ஒட்டுப்போட்டதாகத் தோன்றவில்லை, ஏனென்றால் அந்த நகரமே அப்படித்தான் வரையப்பட்டிருந்தது. 'டீம் ஃபோர்ட்ரெஸ் 2' 1999இல் காட்டப்பட்டபோது நிஜ ராணுவத் தோற்றத்தோடுதான் இருந்தது. 2007இல் வெளிவந்தபோதோ, அமெரிக்க ஓவியர் ஜே. சி. லயன்டெக்கரின் பழைய விளம்பர ஓவியங்களைப் பின்பற்றிய பாணிக்கு மாறியிருந்தது. ஒன்பது பாத்திரங்களையும் வெறும் நிழலுருவத்தை வைத்தே பிரித்தறியலாம். தூரத்தில் வருகிறவர் யார், ஓடுவதா சுடுவதா என்று கணத்தில் முடிவெடுக்க வேண்டிய விளையாட்டில், பாணியே விளையாட்டின் பாதியாகிவிடுகிறது.

இதில் இன்னொரு வேதனையும் உண்டு. நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படங்கள், வேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லி நொடிதான். ஒளி பட்டுத் தெறிக்கும் வழியைக் கதிர் கதிராகக் கணக்கிடும் ரே ட்ரேசிங் முறைக்கு வேண்டிய ஒளிக்கதிர்களை எல்லாம் அதற்குள் கணக்கிட முடியாது. எனவே சில கதிர்களை மட்டும் எய்து, அதனால் படத்தில் விழும் புள்ளிப் பிசிறுகளை வழித்தெடுத்து, குறைந்த ரெசல்யூஷனில் வரைந்ததைப் பெரிதாக்கி, முந்தைய ஃப்ரேம்களோடு கலந்து ஒப்பேற்றுகிறார்கள். நான் விளையாடியதில் நாயகனின் முடியோரம் எறும்பு மொய்ப்பதுபோல மினுங்கியது, வானில் பறந்த பறவை தன் பின்னால் ஒரு மங்கலான கறையை இழுத்துக்கொண்டு போனது. நிஜத்தைத் தேடிப் போய், நிஜத்தில் எங்குமே இல்லாத ஒரு கலங்கலைத்தான் வாங்கி வந்திருக்கிறோம்.

2000இல் 'செல்டா' கேம் தொடரின் நாயகன் லிங்கும் வில்லன் கேனன்டார்ஃபும் வாள்சண்டை போடும் ஒரு டெமோவை நின்டென்டோ காட்டியது. நிஜத்தை ஒட்டிய தோற்றம். அடுத்த ஆண்டு அதே நிறுவனம் பெரிய கண்களும் தட்டையான நிறங்களுமாகப் புதிய செல்டாவைக் காட்டியபோது ரசிகர்கள் கொதித்து, கார்ட்டூன்போல் தட்டையாக நிறம் தீட்டும் அந்த 'செல் ஷேடிங்' முறையைக் கிண்டல் செய்து அதற்குப் பட்டப்பெயரே வைத்தார்கள். 2002இன் இறுதியில் ஜப்பானில் வெளிவந்த அந்த 'விண்ட் வேக்கர்' கேமின் கடலையும், வெடிக்கும்போது சுருள் சுருளாக எழும் புகையையும் இன்றைக்குப் பாருங்கள். ஒரு சுருக்கம்கூட விழவில்லை. அதே காலத்தில் 'அசல் மனித முகம்' என்று பெருமையடித்த பல கேம்களில் இன்று மெழுகுப் பொம்மைகள்தான் நிற்கின்றன. 2006இல் வந்த 'ஓக்காமி'யும் முதலில் தத்ரூபமாகத்தான் தொடங்கப்பட்டது. பிளேஸ்டேஷன் 2 அந்தச் சுமையைத் தாங்காததால் மையோவிய பாணிக்கு மாறினார்கள். பிறகு தூரிகையால் திரையில் கோடிழுப்பதே அந்த விளையாட்டின் உயிரானது.

தத்ரூபத்துக்கு நான் எதிரி அல்ல. 2020இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' கேமில், சொல்லாமல் விழுங்கிய ஒரு வார்த்தை உதட்டோரத்தில் துடிப்பதைக் காட்ட அந்த நுணுக்கம் தேவைப்பட்டது. கதை கேட்கிறது, கொடுக்கிறார்கள். கதை கேட்காத இடத்திலும் அதையே எல்லோரிடமும் கேட்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பாணியோடு வருவதையெல்லாம் 'சோம்பேறித்தனம்' என்கிறார்களே, அதுதான் எனக்கு உள்ளபடியே வலிக்கிறது. 2017இல் வந்த 'கப்ஹெட்' கேமின் பாத்திரங்களை 1930களின் கார்ட்டூன் முறைப்படி காகிதத்தில் பென்சிலால் வரைந்து, மைக்கோடு போட்டு, ஒவ்வொரு அசைவையும் தனித்தனிப் படமாக உருவாக்கினார்கள். கை தேய உழைத்தவர்களைப் பார்த்துச் சொல்லும் சொல்லா அது? 2018இல் வந்த 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' கேமில் திரையில் இருப்பது இரண்டே நிறங்கள். அதில் உறைந்து நிற்கும் ஒவ்வொரு மரணக் காட்சியின் முன்னாலும் நான் அசையாமல் நின்றிருக்கிறேன்.

அந்த நண்பனிடம் இன்று மறுபடியும் 'ஹேடீஸ்' பேச்சை எடுக்கப் போகிறேன். ஒரு மணி நேரம் அவன் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். விளையாடி முடித்த பிறகு பிடிக்கவில்லை என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். விளையாடாமல் மட்டும் இனி ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டேன்.