பட்டி எங்கே என்று கேட்டால் சிரிக்கிறார்கள்

மணற்குன்றில் சுற்றிக்காட்டுகிற ஜீப்பில் ஆசனப் பட்டி எங்கே என்று கேட்டதற்கு அதை ஓட்டுகிற தம்பி சிரித்தான். நக்கல் சிரிப்பு என்றுகூடச் சொல்லமுடியாது. யாரும் கேட்காத ஒன்றை இந்த அக்கா ஏன் கேட்கிறா என்ற சிரிப்பு. "மணல்தானே அக்கா, விழுந்தாலும் நோகாது" என்றான்.

மணல் நோகாது, சரி. காய்ந்த மணலில் நடந்துபோய் விழுந்தால் நோகாதுதான். ஓடுகிற ஜீப்பிலிருந்து விழுகிற பிள்ளை மணலில் விழுவதற்கு முன் இரும்புக் குழாயில் நெற்றி அடிபடும், வாங்கின் விளிம்பில் பல் உடையும், பின்னால் வருகிற வண்டியின் சில்லுக்கு முன்னால் உருளும். இதையெல்லாம் விட்டுவிட்டு மணலை மட்டும் கணக்கில் எடுக்கிற அறிவு எங்கிருந்து வருகிறது?

வடமராட்சிக் கரையிலுள்ள மணல்காட்டில் இப்போது காசு வாங்கிக்கொண்டு மணற்குன்றுகளில் வண்டியில் சுற்றிக்காட்டுகிறவர்களைப் பற்றித்தான் சொல்கிறேன். எல்லோரையும் அல்ல, நான் அகப்பட்டவரைப் பற்றி. நல்லூர்த் திருவிழாவுக்காக ரொறன்ரோவிலிருந்து அக்கா குடும்பம் வந்து நின்றது. அக்காவின் மகளுக்கு ஆறு வயது, என் மகனுக்கு நாலு. ஆலய வீதியில் நடந்து களைத்த பிள்ளைகளுக்கு ஒரு மாற்றமாக இருக்கட்டும் என்று வல்லிபுர ஆழ்வாரைக் கும்பிட்டுவிட்டு அப்படியே குடத்தனைப் பக்கமாக இறங்கினோம்.

வண்டியைப் பாருங்கள். பழைய ஜீப்பின் கூரையைக் கழற்றி, குழாய்களை வளைத்து ஒட்டி, பின்னால் எதிரெதிராக இரண்டு வாங்கு. முழு வண்டியிலும் ஒரே ஒரு பட்டி, அது சாரதியின் இருக்கையில். அதன் கொளுக்கியும் உடைந்துபோய் நைலோன் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தது. அதையும் அவன் போடவில்லை, முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தான். கம்பியில் ஒரு தலைக்கவசம் தொங்கியது. மகனுக்குப் போட்டுப் பார்த்தேன். நெற்றியைத் தாண்டி மூக்குவரை இறங்கியது. உள்ளே இருந்த பஞ்சில் யார் யாருடைய வியர்வையோ காய்ந்து வெள்ளை படிந்திருந்தது. திரும்பவும் கம்பியிலேயே மாட்டிவிட்டேன்.

வயது கேட்டான், அதை மறுக்கவில்லை. ஐந்துக்குக் கீழே என்றால் காசில்லை, மடியில் வைத்துக்கொள்ளவேண்டும். அதற்கு மேல் அரை டிக்கெட். வயது அங்கே கட்டணம் போடுவதற்கு மட்டும்தான் உதவுகிறது. எத்தனை வயதிலிருந்து ஏற்றலாம், எந்தப் பிள்ளையை ஏற்றக்கூடாது, கைக்குழந்தையோடு வருகிற தாயிடம் என்ன சொல்வது என்று ஒரு சொல் கிடையாது. எங்களுக்கு முன்னால் போன வண்டியில் ஒரு தாய் கைக்குழந்தையைத் துவாயால் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு போனா. அந்தக் கழுத்து தலையையே இன்னும் சரியாகத் தாங்காத கழுத்து.

மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும். 15 கிலோ பிள்ளை. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகம். முன்சில்லு இளகிய மணலில் புதைந்து பத்தில் ஒரு செக்கனில் வண்டி நின்றுவிடுகிறது. அந்தக் கணத்தில் அந்தப் பிள்ளையைப் பிடித்து நிறுத்தவேண்டுமென்றால் 150 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைத் தாங்குகிற கை வேண்டும். எந்தத் தாயின் கை அது? சந்தையில் பத்துக் கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும்போதே எனக்குக் கை விட்டுப்போகிறது.

இனி அத்தானுக்கு வருகிறேன். அவர் இதை வாசிப்பார், வாசிக்கட்டும். கனடாவில் பிள்ளையைக் கார்க் கதிரையில் கட்டாமல் அவர் வண்டியை வீட்டு வாசலைவிட்டு எடுக்கமாட்டார். எடுக்கவும் முடியாது: ஒன்ராறியோவில் எட்டு வயதோ, 36 கிலோ நிறையோ, 145 சென்ரிமீற்றர் உயரமோ ஆகும்வரை பிள்ளைக்குத் தனி இருக்கை வேண்டுமென்பது சட்டம். அதே மனிதர் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் அந்தச் சட்டத்தையும் பயணப்பெட்டியோடு சேர்த்து மூடிவிடுகிறார். "ஊரில் இதெல்லாம் பார்க்கமுடியுமா? நாங்கள் எல்லாம் உழவு மெசின் பெட்டியில் போய் வளரவில்லையா?" வளர்ந்தோம். பெட்டியிலிருந்து விழுந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் இப்போது விடுமுறைக்கு வந்து கதை சொல்வதில்லை. அங்கே பிள்ளையின் எலும்பு உடையக்கூடியது, இங்கே உடையாதா? ஊர் மேல் உள்ள பாசத்தை ஊரில் பாதுகாப்புக் கேட்காமல் விடுவதில்தான் காட்டவேண்டுமா?

மெதுவாகப் போகச் சொன்னேன். "சரி அக்கா" என்றான். முதல் மேட்டில் ஏறும்வரை அந்தச் "சரி" இருந்தது. உச்சியில் அத்தான் கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடிக்கத் தொடங்கியதும் தம்பிக்கு வேறொரு காற்றுப் பிடித்துவிட்டது. மகன் வீரிட்டான். பயத்தில் வீரிடுகிற பிள்ளையையும் குதூகலத்தில் கத்துகிற பிள்ளையையும் பிரித்தறியத் தெரியாதவர்கள் பிள்ளைகளை ஏற்றித் தொழில் செய்கிறார்கள். வீரிட்ட சத்தம் கேட்டு இன்னும் வேகம் கூட்டினான்! நான் பின்னாலிருந்து அவன் தோளில் ஓங்கித் தட்டிய பிறகுதான் திரும்பிப் பார்த்தான்.

அந்த உச்சியைப் பற்றி ஒரு சொல் சொல்லியே ஆகவேண்டும். மணற்குன்று இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இருப்பதில்லை. காற்று வருகிற பக்கம் சாய்வு மெல்ல ஏறும். மறுபக்கம் மணல் சரிந்து விழுந்து 30 பாகைக்கு மேல் செங்குத்தாக நிற்கும். ஏறுகிறவனுக்கு மறுபக்கத்தில் என்ன இருக்கிறதென்று உச்சிக்கு வரும்வரை தெரியாது. அதனால்தான் அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்து மணற்குன்றுகளில் ஓடுகிற வண்டிகள் ஒவ்வொன்றிலும் உயரமான கம்பில் சிவப்பு அல்லது செம்மஞ்சள் கொடி பறக்கவேண்டும் என்று விதி. வண்டி தெரிவதற்கு முன் கொடி தெரியும். மணல்காட்டில் மறுபக்கத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை வந்த குடும்பங்கள். பாய் விரித்துச் சோற்றுப் பார்சல் பிரிக்கிற ஆச்சிமார். தென்னோலை மட்டையில் உட்கார்ந்து சறுக்கி விளையாடுகிற சிறுவர்கள். நாங்கள் ஒரு மேட்டைத் தாண்டியபோது ஒரு சிறுவன் மட்டையை இழுத்துக்கொண்டு மேலே ஏறிவந்துகொண்டிருந்தான். தம்பி வெட்டித் திருப்பினான், வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது, அக்கா "ஐயோ" என்றா. தம்பி? ஹோர்ன் அடித்துவிட்டுப் போனான். பிழை அந்தச் சிறுவன்மேலாம்.

பக்கத்தில் இளந்தாரிகள் நான்கு சில்லு மோட்டார் சைக்கிளில், முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை என்று ஏற்றிக்கொண்டு பறக்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அக்கடமி 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் அந்த வண்டியை ஓட்டவும் கூடாது, அதில் ஏறவும் கூடாது என்று பல காலமாகச் சொல்லிவருகிறது. அது பாரம் கூடிய, கவிழ்ந்தால் ஆள்மேல் விழுகிற வண்டி. இங்கே அது பிறந்தநாள் பரிசு.

சரி, வழிகாட்டி என்றாவது ஏதாவது காட்டினானா? மணலில் பாதி புதைந்து நிற்கிற பழைய அந்தோனியார் கோவிலின் சுவர்கள் அங்கே இருக்கின்றன. பக்கத்தில் சேமக்காலை, ஊராரைப் புதைக்கிற இடம். பெறாமகள் கேட்டாள்: "சித்தி, ஏன் சிலுவை மட்டும் மண்ணுக்கு வெளியே நிற்கிறது?" நல்ல கேள்வி. காற்று மணலைத் தூக்கிக்கொண்டுவந்து கொட்டுகிற கதையைச் சொல்ல இதைவிட ஒரு இடம் கிடைக்காது. தம்பி சொன்ன பதில்: "அது பழசு." சொல்லிவிட்டுச் சேமக்காலை ஓரமாக ஒரு வட்டம் அடித்தான், மணல் தெறிக்க. உறவுகளைப் புதைத்துவைத்த இடத்தில் வட்டம் அடிக்கிறதற்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா?

கொடிகளுக்கு மேலாலும் ஏற்றினான். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கினோமே, அந்த அடம்பனும் இராவணன் மீசைப் புல்லும்தான் அந்த மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியாகக் கடல் எழும்பி வந்த கரை இது. இங்கே ஒவ்வொரு மணல்மேட்டுக்கும் என்ன பெறுமதி என்று எங்களுக்கு வேறு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஏற்கெனவே டிப்பர்காரர்கள் களவாக அள்ளுகிற மணல் போதாதென்று மிச்சத்தை இவர்கள் சில்லால் கிளறுகிறார்கள்.

நேரமும் பாருங்கள், பதினொரு மணி வெயில். காற்றை விட மணல் சூடு. சோளகக் காற்று வேறு மணலை அள்ளி அள்ளி முகத்தில் எறிகிறது. கண்ணுக்குக் கண்ணாடி இல்லை. மகனின் கண்ணை அன்று இரவுவரை கழுவினேன்.

ஒன்று நடந்திருந்தால் மந்திகை ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கவேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸை அழைக்கலாம். சவுக்கங்காட்டுக்கு அப்பால் எந்த மேட்டில் நிற்கிறோமென்று எப்படிச் சொல்வது? முதலுதவிப் பெட்டி கேட்டேன். தண்ணீர்ப் போத்தலைக் காட்டினான். பற்றுச்சீட்டும் இல்லை, வண்டிக்குப் பெயரும் இல்லை. முறையிடப் போன இடத்தில் "அது எங்கள் பிரிவு அல்ல" என்றார்கள். எந்தப் பிரிவு என்றும் சொல்லவில்லை.

நயினாதீவுக்குப் போகக் குறிகட்டுவானில் படகேறும்போது உயிர்காப்பு அங்கி போடச் சொல்கிறார்கள். முணுமுணுத்துக்கொண்டு போடுகிறோம், அம்மனிடம் போய்ச் சேர்கிறோம். கடலில் முடிகிற காரியம் கரையில் ஏன் முடியாது?

இப்போதே எனக்குத் தெரியும், என்ன சொல்லப் போகிறீர்கள் என்று. "வேலையில்லாத பொடியன் ஒருவன் முன்னேறுகிறான், அவன் வயிற்றில் அடிக்காதீர்கள்." ஐயா, அவன் உழைக்கவேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். ஒரு பிள்ளை தூக்கி எறியப்பட்ட மறுநாள் அவன் மட்டுமல்ல, அந்தக் கரையில் தேநீர் விற்கிறவர், சுண்டல் விற்கிற அம்மா எல்லோரும் கடையைக் கட்டவேண்டியதுதான். பின்னால் இருக்கிற வாங்குகளை முன்பக்கம் பார்க்கத் திருப்பி நான்கு பட்டி பூட்டு. சின்ன அளவில் இரண்டு தலைக்கவசம் வாங்கு. கம்பில் ஒரு கொடி கட்டு. நாலு வயதுப் பிள்ளையோடு வருகிறவரிடம் "இன்னும் இரண்டு மூன்று வருடம் கழித்துக் கூட்டிவாருங்கள், இப்போது கீழே சறுக்கி விளையாடட்டும்" என்று சொல். காசு போதாதென்றால் கட்டணத்தை இரட்டிப்பாக்கு, பேரம் பேசாமல் தருகிறேன். மிச்சத்தை அத்தானிடம் வாங்கு.